மறந்ததா, முடியவில்லையா?

நாத்தனார் என்றால் சண்டைக்கு ஆள் தயாராக இருக்கும் என்று நினைத்துத்தான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். ஏமாந்துபோனேன். என் கணவரின் தங்கைக்கு என்னோடு மல்லுக்கு நிற்க நேரமில்லை. அவளுக்குத் தேனீக்கள் இருந்தன. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. இன்னும் பட்டம் வாங்கவில்லை என்றாலும் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் 'தேனீ டாக்டர்'தான். கூப்பிட்டால் கூச்சத்தில் நெளிவாள், திரும்பியும் பார்ப்பாள்.

மாடியில் எங்கள் வீடு, கீழே என் தையல் கடை. பொழுது விடிந்ததும் கடையைக் கடந்து ஓடுவாள். ஆய்வுக்கூடத்தின் மொட்டை மாடியில் தேன்கூடுகள் இருக்கின்றன. கூட்டின் வாசலுக்கு வரும் தேனீக்களைப் பிடித்து ஐஸில் கொஞ்ச நேரம் வைத்தால் மயங்கிவிடும். மயங்கியதை விரல் நீளக் குழாய்க்குள் தலை மட்டும் வெளியே தெரியும்படி நிறுத்தி, பின்னால் பொடிசாக ஒரு டேப் ஒட்டுவாள். விழித்த பிறகு பாடம். கிராம்பு வாசனையை ஊதி, உடனே ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பாள். சற்று இடைவெளி விட்டு மறுபடி, அப்புறம் இன்னொரு முறை. அதன் பிறகு வெறும் வாசனைக்கே தேனீ நாக்கை நீட்டும். மூன்று நாள் கழித்தும் நீட்டும். குழாய்க்குள் அது மூன்று நாள் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம். மற்ற மாணவர்களின் தேனீக்கள் இரண்டாம் நாளே போய்ச் சேர்ந்துவிடும். இவள் காலையும் மாலையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஊட்டுவாள். பெற்ற பிள்ளைக்குக்கூட நான் அத்தனை பொறுமையாக ஊட்டியதில்லை.

அந்த நினைவு எப்படி மூன்று நாள் நிற்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நான் அதை என் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டேன். வெட்டிய துணியை முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டு நிறுத்துவோம். இழுத்தால் வந்துவிடும். மெஷினில் தைத்தால்தான் நிற்கும். ஒன்றைக் கற்றதும் மூளைச் செல்களுக்கு இடையிலான இணைப்பு கொஞ்ச நேரம் அப்படித்தான் லேசாக நிற்குமாம். அது கெட்டிப்பட வேண்டுமானால், செல்லுக்குள் அதுவரை சும்மா கிடந்த சில மரபணுக்கள் வேலைக்கு எழ வேண்டும். அவற்றிலிருந்து நகல் எடுக்கப்பட்டு, அந்த நகலின்படி புதுப் புரதங்கள் உருவாகி, இணைப்பைப் பலப்படுத்தும். அந்த நகலெடுப்பைத் தடுக்க ஒரு மருந்து இருக்கிறது. பாடம் முடிந்த கையோடு அதைப் போட்டால், தேனீ அன்றைக்கு நினைவு வைத்திருக்கும். மூன்றாம் நாள் வாசனையை ஊதினால் நாக்கை நீட்டாது. எந்தெந்த மரபணுக்கள் எழுகின்றன என்பது வரை நான்கு வருஷமாகத் தோண்டித் துருவி எழுதி முடித்திருந்தாள். பேராசிரியரும் சரி என்று சொல்லியாயிற்று.

அந்த வாரம் என் கணவருக்குக் கடும் காய்ச்சல். பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் வந்து, "அண்ணே, மீட்டர் பெட்டி சாவி எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். இவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். டம்ளரை வாயருகே கொண்டுபோனேன், குடித்தார். மறுபடி சாவியைக் கேட்டோம். பதில் இல்லை. கதவருகே நின்ற நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணன் மறக்கல அண்ணி. அவருக்கு முடியல."

"பெரிய கண்டுபிடிப்பு! போய் வெந்நீர் கொண்டா."

"என் தேனீயும் மறக்காமலே இருந்திருந்தா? மருந்து ஒத்துக்காம சோர்ந்து கிடந்திருந்தா? சர்க்கரைத் தண்ணி தொட்டா நாக்க நீட்டுது, அதனால நல்லாத்தான் இருக்குன்னு எழுதிட்டேன். அண்ணனுந்தான் தண்ணி குடுத்தா குடிக்கறாரு."

சோதிக்க ஒரு வழி இருந்தது. அதே மருந்தை மறுநாள் போடுவது. அதற்குள் மரபணுக்கள் தங்கள் வேலையை முடித்திருக்கும், தடுக்க எதுவும் மிச்சமிருக்காது. ஆனால் மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றால், மறுநாள் போட்டாலும் சோர்ந்துதான் கிடக்கும். அந்தத் தேனீக்கள் மூன்றாம் நாள் நாக்கை நீட்டினால், மருந்து நினைவைத்தான் தடுத்தது. நீட்டாவிட்டால், நான்கு வருஷமாக அவள் பார்த்தது நோயாளித் தேனீக்களை. "இத யாரும் கேக்கலையேம்மா" என்றார் பேராசிரியர் போனில். "நான் கேக்கறேன் சார்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! எல்லாரும் சரி என்று சொன்ன துணியில் இவளே ஓட்டை தேடுகிறாளே என்று கத்தினேன். காதில் வாங்கவில்லை.

"மூணாம் நாள் நீங்க வரணும் அண்ணி. எதுக்கு எப்ப மருந்து போட்டோம்னு தெரியாத ஆள்தான் பாக்கணும். நான் பாத்தா எனக்கு வேணுங்கறதுதான் தெரியும்."

"ஒண்ணும் தெரியாத ஆள்னதும் என் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"ஊசியில நூல் கோக்கற கண்ணு அண்ணி உங்களுக்கு."

ஐஸ் வைத்தால் நான் உருகாமல் இருப்பேனா? போனேன்.

அவளுடைய பக்கத்து மேசை மாணவன்தான் ஊசி போட்டு, குழாய்களுக்கு மூன்று நிறத்தில் பொட்டு வைத்திருந்தான். எந்த நிறம் எது என்பது அவனுக்கு மட்டும் தெரியும். இருவரும் வெளியே போய்விட்டார்கள். அவள் கதவுக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நான் ஒவ்வொரு தேனீக்கும் வாசனையை ஊதி, நாக்கு முழுசாக வெளியே வந்தால் அந்த நிறக் கிண்ணத்தில் ஒரு பொத்தான் போட வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்குச் சாதகமாகப் போட என் கை துடித்தது. ஆனால் எந்தக் கிண்ணத்தில் போட்டால் அவளுக்குச் சாதகம்? அதுதான் தெரியாதே! மஞ்சள் பொட்டுத் தேனீ ஒன்று பாதி நாக்கை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டது. பொத்தானைத் திரும்பக் கீழே வைத்தேன்.

முடிந்ததும் கதவைத் திறந்தேன். நீலக் கிண்ணத்தில் நிறையப் பொத்தான்கள். சிவப்பில் ஒன்றிரண்டு. மஞ்சளில் ஏறக்குறைய நீலம் அளவுக்கு இருந்தது. அவள் கிண்ணங்களைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள்.

"நீலம் மருந்தே இல்லாம வெறும் உப்புத் தண்ணி" என்றான் அவன். "சிவப்பு, பாடம் முடிஞ்ச உடனே மருந்து போட்டது. மஞ்சள் மறுநாள் போட்டது."

மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிஜமாவே மறந்திருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். ஒரு பூச்சி மறந்துபோனதற்காக இப்படி ஆனந்தக் கண்ணீர் விட்டவளை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் கேட்டேன். "மஞ்சள் கிண்ணம் காலியா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு, சர்க்கரைத் தண்ணீரோடு முதல் குழாயிடம் போனாள்.

"எழுதினத திருப்பி வாங்கியிருப்பேன். நாலு வருஷமும் தப்புன்னு நானே எழுதிக் குடுத்திருப்பேன்."

குரலில் கொஞ்சமும் நடுக்கம் இல்லை. அந்த நான்கு வருஷத்தையும் கூடவே இருந்து பார்த்த எனக்குத்தான் அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.