கிழக்கே சூலம்

எங்கள் வீட்டில் நான்கு மாதமாகச் சனிக்கிழமை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை அந்த ஒரு தாளோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேலாக நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன் நான். பனமரத்துப்பட்டி ஏரி எந்த வருடம் எந்தக் கிழமை நிரம்பியது என்று யாராவது கேட்டால், நோட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் கிழமையைப் பொய்யாக்கியது என் மனைவிக்காக.

போன வருடம் ஆடியில் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது கை பாதி திரும்பியது, பேச்சு முழுதாகத் திரும்பியது. கடைசி இருபது வருடம் மட்டும் திரும்பவில்லை. புதிதாக எதைச் சொன்னாலும் பத்து நிமிடம் தங்காது. தினமும் குளித்ததும் துணிப்பையில் இரண்டு சேலையை மடித்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். வாழப்பாடிக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும்.

அவள் அம்மா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் நாள் அதை உள்ளபடி சொன்னேன், திதி உட்பட. மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் மறந்து, மறுநாள் காலை பையோடு நின்றாள். மூன்று காலை அதே சாவை அவளுக்குச் சொன்னேன். மூன்று காலையும் அது அன்றைக்கு நடந்த சாவுதான். நான்காவது நாள் வாய் வரவில்லை. அவள் தனியாகக் கிளம்பிவிட்டாள். வாழப்பாடி வழியாகப் போகும் ஆத்தூர் பஸ் நிற்கும் இடத்தில் எங்களைத் தெரிந்த டீக்கடைக்காரர் பார்த்து உட்கார வைத்திருந்தார்.

அப்போதுதான் சூலம் ஞாபகம் வந்தது. சூலம் பார்க்காமல் அவள் எங்கேயும் கிளம்பியதில்லை. மகனுக்குப் பெண் பார்க்கப் போக வந்து நின்ற வேனையே திருப்பி அனுப்பியவள். வாழப்பாடி எங்கள் சேலத்துக்கு நேர் கிழக்கு. திங்களும் சனியும் கிழக்கே சூலம். நான் சனியை எடுத்துக்கொண்டேன்.

"இன்னிக்குக் கெழக்க சூலம் புள்ள. நாளைக்குப் போலாம்" என்பேன். காலண்டரைப் பார்த்துவிட்டுப் பையைப் பிரித்து வைப்பாள்.

பொய்யைக் காப்பாற்ற நிறைய வேலை இருந்தது. செய்தித்தாளில் கிழமை போட்டிருக்கும், அதனால் நிறுத்தினேன். டிவியை மகன் அறைக்குள் வைத்துச் சாத்தினேன். ஞாயிறுதோறும் கல்வெட்டுகளைப் பற்றிப் பேச வரும் இரண்டு நண்பர்களை வர வேண்டாம் என்றேன். யாராவது வாய் தவறி ஞாயிற்றுக்கிழமை என்றுவிட்டால்? வியாழக்கிழமை டாக்டரிடம் போக வேண்டியவன் வெள்ளிக்கிழமை போய் நின்றேன். டைரியில் இரண்டு முறை 'சனி' என்று எழுதி அடித்திருக்கிறேன். அதுவரை அடித்தலே இல்லாத டைரி அது.

போன புதன்கிழமை வழக்கம்போல் சூலம் சொன்னேன். அவள் காலண்டருக்குக் கிட்டே போய் விரலை வைத்துப் படித்தாள்.

"கீழ பரிகாரம் தயிருன்னு போட்டிருக்குதுங்களே."

நான்கு மாதம் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறேன். அந்த வரியைப் படிக்கவில்லை. அவள் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு கரண்டி தயிரை வாயில் விட்டுக்கொண்டாள். எனக்கும் ஒரு கரண்டி கொண்டுவந்தாள்.

"நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க. தனியா போனா அம்மா வையும்."

விழுங்கினேன். தடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

பஸ் பிடித்து வாழப்பாடி போனோம். அவள் பிறந்த வீட்டை மச்சினன் எப்போதோ விற்றுவிட்டார். அந்த இடத்தில் கீழே டைல்ஸ் கடையும் மேலே குடித்தனமுமாக ஒரு கட்டடம் நின்றது. இது எங்கள் ஊரே இல்லை, மாற்றிக் கூட்டிவந்துவிட்டீர்கள் என்றாள். மெதுவாக பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்து வந்தேன். சேலம் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பஸ் போய்விட்டது. பூக்காரம்மா பூவைத் தொடுப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தாள்.

"எங்கம்மா எங்கீங்க?"

அத்தனை பேர் நடுவில் அவள் மார்பில் அடித்துக்கொள்வதை நினைத்துப் பார்த்தேன்.

"நம்மளப் பாக்கச் சேலம் போயிருக்கறாங்க. நம்ம ஊட்லதான் இருப்பாங்க."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? வயசானவங்கள வாசல்ல நிக்க வெச்சுட்டு என்னைய ஊர் சுத்திக் காட்டறீங்க." எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறினாள்.

பத்து நிமிடத்தில் மறந்துவிடுவாள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பத்து ஆனது, இருபது ஆனது. வீட்டில் பால் இருக்கிறதா, அம்மாவுக்குச் சர்க்கரை குறைத்துப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். புதிதாகச் சொன்ன ஒரு விஷயத்தை இவ்வளவு நேரம் அவள் பிடித்து வைத்திருந்தது ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. வேறு எதுவாக இருந்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

கதவைத் திறந்துவிட்டதும் செருப்போடு உள்ளே போனாள். அம்மா, அம்மா என்று கூப்பிடும் சத்தம் சமையலறைக்குப் போனது, பின்கட்டுக்குப் போனது. குளியலறைக் கதவு திறந்து மூடியது. நான் வெளி கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நொடி வேலை அது.

"ஏனுங்க, அம்மாவக் காணமுங்களே."

"வாரேன்" என்று சொல்லிவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தேன்.