நெற்றியில் ஓர் ஊதா எழுத்து

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு கூரியர் கடை. என் பார்சலில் முகவரி எழுத அங்கிருந்த பெண் மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். ஸ்பிரிட்டும் மையும் கலந்த வாசனை. அவ்வளவுதான். கடை போய்விட்டது, வெளியே இரைந்த பேருந்துகள் போய்விட்டன. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு நெற்றி என் முன்னால் வந்து நின்றது. “பின்கோடு சொல்லுங்க மேடம்” என்று அவள் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். என் வீட்டுப் பின்கோடையே தப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நர்சிங் முடித்த கையோடு நான் சேர்ந்தது இதே ஊரில், பத்துக் கட்டில் போட்ட ஒரு சின்ன நர்சிங் ஹோமில். ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு வாய் உலரும். போதாததற்குக் கவிதை வேறு. கேஸ் ஷீட்டின் பின்பக்கம் நிலாவைப் பற்றி நான் கிறுக்கியதை டாக்டர் படித்துவிட்டு, “இந்த நிலாவுக்கு பி.பி. எவ்வளவு சிஸ்டர்?” என்று கேட்டது இன்றைக்கும் காதில் சுடுகிறது.

அங்கே கம்பவுண்டராக இருந்தவரை எல்லாரும் மிலிட்டரி என்றே கூப்பிட்டார்கள். திண்டிவனத்துக்கு அந்தண்டை பிரம்மதேசத்துக்காரர். ராணுவத்தில் காயம்பட்டவர்களைப் பார்க்கும் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்து, பங்களாதேஷ் சண்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு காப்பியிங் பென்சில் இருக்கும். ஈரம் பட்டால் ஊதாவாக மாறுமே, லேசில் அழியாதே, அதுதான். நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி, நாக்கு நுனியே நாவல்பழம் தின்றது மாதிரி ஆகியிருந்தது.

வலிக்கு ஊசி போட்டால், யாராக இருந்தாலும் சரி, நெற்றியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஆங்கில ‘எம்’ ஒன்றும் பக்கத்தில் மணியும் எழுதிவிடுவார். போர்முனையில் மார்பியாவுக்கு எம். இங்கே வேறு மருந்து போட்டாலும் எம்தான்.

“சீட்டுலதான் எழுதறோமே சார்?”

“சீட்டு பறந்துடும் சிஸ்டர். நெத்தி பறக்காது.”

நம் ஊரில் நெற்றி என்ன சும்மா கிடக்கிற இடமா? கரும்பு வண்டி ஏறிக் கால் ஒடிந்து வந்தவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “என்னா மிலிட்டரி, காலும் போச்சி, நாமமும் போட்டுட்டியா?” என்றார். சர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரப் பெரியவர், நாங்க நெத்தியில ஒண்ணும் இட மாட்டோம்பா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இது சாமி இல்ல பெரியவரே, மணி” என்று கெஞ்சி எழுதினார் மிலிட்டரி. ஒரு மாமியார்க்காரிதான் சண்டைக்கே வந்துவிட்டாள். “வாழ வந்த பொண்ணு குங்குமத்த அழிக்கறியே, நீ நல்லாருப்பியா?”

“கோச்சிக்காதம்மா, திரும்ப வச்சி வுட்டுடறேன்.”

“நீ வைப்பியா? கைய ஒடிச்சிடுவேன்!”

நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவரிடம் இன்னொரு விசித்திரமும் இருந்தது. மாதாமாதம் மருந்து வாங்கப் புதுச்சேரிக்குப் போவார். விழுப்புரத்திலிருந்து வளவனூர் வழியாகப் போனால் ஒரு மணி நேரம். இவரோ வடக்கே திண்டிவனம் போய், அங்கிருந்து வேறு பேருந்து பிடித்துச் சுற்றிக்கொண்டு போவார். ஒரு மத்தியானம், கண்ணாடி சிரிஞ்சுகள் ஸ்டெரிலைசரில் வெந்துகொண்டிருந்தபோது, வறுத்த மல்லாட்டையை உரித்தபடியே விளையாட்டாகக் கேட்டேன். “வளவனூர்ல யார்னா பொண்ணு குடுக்கறேன்னுட்டு ஏமாத்திட்டாங்களா சார்?”

அவர் பென்சிலை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார்.

“சண்டையப்ப முதலுதவி போஸ்ட்டுல நான். அடிபட்டவன் ஸ்ட்ரெச்சர்ல வருவான். கட்டு கட்டி, மார்பியா போட்டு, நெத்தியில எழுதி, பின்னாடி இருக்கற டாக்டரு கிட்ட அனுப்பணும். எழுதலன்னா, கத்தறானேன்னு அங்க இன்னொண்ணு போட்டுடுவாங்க. ரெண்டாச்சின்னா மூச்சி நின்னுடும்.”

ஒரு நாள் ஒரே சமயத்தில் பதினோரு பேர் வந்திருக்கிறார்கள். வயிற்றில் காயம்பட்ட ஒருவன் தமிழில் அழுதானாம். ஊசியை ஏற்றிக்கொண்டே இவர் ஊரைக் கேட்டிருக்கிறார். வளவனூருண்ணே என்றான். அட, நான் திண்டிவனம்டா என்றார் இவர். மாதக்கணக்காகத் தமிழ் கேட்காத காது. ஏரி ரொம்பிச்சாடா என்று கேட்க, வலி இறங்க இறங்க அவன் சிரித்தான். “ரொம்பிடுச்சாம்ணே, லெட்டர் வந்துது.” அதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த ஆளிடம் குனிந்தபோதுதான், கையிலிருந்த பென்சில் நனையாமலே இருப்பதைப் பார்த்திருக்கிறார்.

“கத்திக்கினே பின்னாடி ஓடினேன் சிஸ்டர். போஸ்ட்ட வுட்டுப் போவக்கூடாதுன்னு புடிச்சி இழுத்துட்டாங்க. சாயங்காலம் சேதி வந்துச்சி, போய்ட்டான்னு. காயத்துல போனானா, ரெண்டாவது ஊசில போனானா, யாருக்கும் தெரியாது. அதான் பேஜாரு. ஊரைக் கேட்டேன், பேரைக் கேக்கல. பேரு தெரிஞ்சிருந்தா ஒரு வூட்டு வாசல்ல போயி நின்னு, திட்டு வாங்கிக்கினு வந்துருப்பேன். இப்ப வளவனூர்ல எல்லா வூடும் அவன் வூடு.”

எதையாவது சொல்ல வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் சிரிஞ்சுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. “டீ ஆறுது சார்” என்றேன். கவிதை எழுதுகிறவளாம் நான்!

மறு வருடம் ஒரு காலையில், சைக்கிளில் வேலைக்கு வந்துகொண்டிருந்தவரை லாரி இடித்துவிட்டது. தொடை எலும்பு இரண்டு துண்டு, உள்ளே ரத்தக்கசிவு. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி டாக்டர் கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் வலி ஊசி போட்டேன். அங்கே மூன்று நாள் இருந்தார். திரும்பி வரவில்லை.

அந்த நர்சிங் ஹோம் இப்போது செல்போன் கடை. ஸ்டெரிலைசர் கொதித்த இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போன்கள் மினுக்குகின்றன. கண்ணாடி சிரிஞ்சு என்றால் இன்றைய நர்சுகள் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். காப்பியிங் பென்சில் கேட்டு ஸ்டேஷனரி கடைகளில் ஏறி இறங்கினேன். அப்படி ஒண்ணு இருந்துச்சா என்கிறார்கள். அவருடைய பென்சில் கொஞ்ச காலம் என்னிடம் இருந்தது. மாறி மாறிக் குடிபோன வாடகை வீடுகளில் எதிலோ அதையும் தொலைத்தேன். அந்தக் காலைப் பேச்சு மட்டும் தொலையவில்லை.

அவரை வேனில் படுக்க வைத்திருந்தோம். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“எந்த வழிப்பா?” என்று டிரைவரைக் கேட்டார்.

“வளவனூர் வழிதான் மிலிட்டரி. இந்தக் கால வச்சிக்கினு திண்டிவனம் சுத்தச் சொல்றியா?”

நான் இறங்கப் போனேன். என் கையைப் பிடித்தார்.

“சிஸ்டர். எழுதல.”

அவர் பையிலிருந்து பென்சிலை எடுத்து என் நாக்கில் தொட்டேன். கசந்தது. வேர்வையில் முதல் எழுத்து வழுக்கி ஓடியது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். பிடித்துக்கொண்டது.

“ஜல்தி இறங்குங்க சிஸ்டர்” என்றார் டிரைவர்.

“இருப்பா. மணி போட்டீங்களா சிஸ்டர்?”

“போட்டுட்டேன் சார். பத்து இருபது.”

“படிக்கற மாதிரி இருக்குதா?”

“இருக்குது சார்.”

“அப்ப வளவனூர் வழியாவே போவட்டும்.”