சனிக்கிழமைத் தெரு

பனி கரைந்ததும், கனடாவில் ரூஜ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு முன் தெருவில், வழுக்காமலிருக்கத் தூவிய மண்ணும் உப்பும் படிந்து கிடக்கும். இன்று காலை அதைத் தும்புத்தடியால் கூட்டியபோது எழுந்த ஈரப் புழுதியின் மணம், இங்கே வருமுன் அகதிகளாக நாங்கள் இருந்த ஜேர்மன் கிராமத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

தலைமுறை தலைமுறையாகக் கோதுமையும் சீனி காய்ச்சும் கிழங்கும் விளைந்த அந்த ஊருக்கு அடியில் நிலக்கரி இருந்ததால், ஊரையே இடித்துத் தோண்டுவதென்று முடிவாகி, சனங்கள் வீடு வீடாகப் பூட்டிவிட்டுப் போக, அப்படி வெறுமையான ஒரு பண்ணை வீட்டில்தான் எங்களைக் குடிவைத்தார்கள். மாடில்லாத தொழுவத்தில் சாணமும் வைக்கோலும் இன்னும் மணத்தன. தூரத்தில் கரி தோண்டும் இயந்திரம் ஓயாமல் உறுமியது. சனிக்கிழமைகளில் அவரவர் வீட்டு முன் தெருவை அவரவரே கூட்டுவது அந்த ஊர் வழக்கம். போக மறுத்து எதிர்வீட்டில் இருந்த கிழவி மார்த்தா, தன் வாசலோடு நிற்காமல், பூட்டிக் கிடந்த வீடுகளின் முன்னாலும் கூட்டிக்கொண்டே போவார்.

"இடிக்கப்போற ஊரை உந்த மனுசி ஏன் மினக்கெட்டுக் கூட்டுது? கேள் பிள்ளை," என்றார் அம்மா.

பள்ளிக்கூடத்தில் பழகிய ஜேர்மனில் கேட்டேன். மார்த்தா நிமிராமலே பதில் சொன்னார்.

"இண்டைக்குச் சனிக்கிழமையாம், அம்மா."

அம்மா உள்ளே போனார். வீட்டுக்காரர் விட்டுப்போன தும்புத்தடியை எடுத்துவந்து எங்கள் பக்கத்தைக் கூட்டத் தொடங்கினார். புல்டோசர் வந்த கிழமை வரை இருவரும் நிறுத்தவில்லை.

அந்தத் தெரு இருந்த இடத்தில் இப்போது பெரும் பள்ளம்.

"விடுங்கோ அம்மா, சிற்றி ட்ரக் வந்து கிளீன் பண்ணும்," என்று எங்கள் ரூஜ் வீட்டு ஜன்னலில் நின்று கத்தினாள் என் மகள்.

"இண்டைக்குச் சனிக்கிழமை," என்றுவிட்டு, பக்கத்து வீட்டு வாசலுக்கு நகர்ந்தேன்.