கொக்கியக்காவும் சங்கிலிக் குவியலும்

அவள் வேலை பார்த்த சலவைக்கடை இருந்த கட்டடத்தை இடித்தபோது அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கொக்கியக்கா என்ற பெயர் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் கை நமநமக்கிறது என்று தம்பியிடம் சொன்னாள். தம்பி டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறவன்.

"ஷெட்டுக்கு வாக்கா. சாமான் அறையைப் பாத்துக்க. கேட்டா எடுத்துக் குடு, அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு என்பது அறைக் கதவைத் திறந்ததும் தெரிந்தது. மூலையில் இடுப்புயரத்துக்குச் சங்கிலிக் குவியல். சேற்றில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் மாட்டுகிறவை, சிக்கிய வண்டியை இழுக்கிறவை, எதற்கென்றே தெரியாத துண்டுகள் என்று எல்லாம் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன. போன மழையின் சேறு அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் குவியல் மொத்தமும் கூடவே வந்தது.

"இது எப்பவும் இப்படித்தான் தங்கச்சி," என்றார் மூத்த டிரைவர். பெரிய மீசை என்பதால் எல்லோருக்கும் அவர் மீசைதான். "மழை வந்ததும் எல்லாரும் உக்காந்து பிரிச்சுக்குவோம்."

"நனைஞ்சுக்கிட்டே பிரிக்கறதுக்கு வெயில்லயே பிரிச்சிட்டா என்னண்ணே? துணியோ இரும்போ, ஈரத்தோட சுருட்டிப் போட்டா கெட்டுத்தான் போகும்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். சங்கிலிகளை முற்றத்துக்கு இழுத்து வந்து சிக்கெடுத்தாள். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் எண்ணெய் பூசினாள். காலமெல்லாம் துணியைத் தொங்கவிட்டே பழகியவள் சங்கிலியையும் தொங்கவிடத்தான் நினைத்தாள். ஷெட் சுவரில் ஒரு பலகையை அறைந்து, வரிசையாகக் கொக்கி அடித்து, சக்கர அளவுப்படி ஜோடி ஜோடியாக மாட்டினாள். தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே தன்மேல் ஆசையாக இருந்தது.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். பலகை, கொக்கி, சங்கிலி, கூடவே கொஞ்சம் சுவரும் பெயர்ந்து விழுந்திருந்தன. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. பக்கத்தில் நிறுத்தியிருந்த புது டிராக்டரின் மட்கார்டுதான் நசுங்கிப் போயிருந்தது.

"அக்கா, இது சலவைக்கடை இல்ல!" தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். டிரைவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கொக்கியக்கா என்று பெயர் வந்தது அன்றுதான்.

"கனத்தைச் சரியா கணிக்கல. தப்பு என்னோடதுதான்," என்றாள் அவள். "ஆனா தொங்கவிடறது தப்பில்ல. சுவரை நம்பினதுதான் தப்பு."

மறுநாளே வெல்டரைப் பிடித்து வந்தாள். தடித்த குழாயில் கால் வைத்த ஸ்டாண்டு ஒன்று தரையோடு போல்ட் போட்டு நின்றது. தோளுக்கு மேல் தூக்க வேண்டாதபடி கொக்கிகள் எல்லாம் இடுப்புக்குச் சற்று மேலே. தொங்கவிட முடியாத கனமான சங்கிலிகளுக்குப் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் டிரம்கள். தண்ணீர் வடிய அடியில் ஓட்டைகள். இழுவைச் சங்கிலிகளுக்குத் தனி ஓரம். அவற்றில் ஒன்றைத் தேய்க்கும்போது ஒரு வளையத்தில் முடி மாதிரி விரிசல் தட்டுப்பட்டது. அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி மூலையில் ஒதுக்கினாள்.

மழை வந்தது. ஒருநாள் காலை, செங்கல் லாரி ஒன்று மண்பாதையில் அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டதாகப் போன் வந்தது. மீசை விறுவிறுவென்று உள்ளே வந்து சிவப்புத் துணிச் சங்கிலியைத்தான் எடுத்தார்.

"அது வேணாம்ணே. விரிசல் இருக்கு."

"எத்தனை லாரியை இழுத்திருக்கேன் இதால! எனக்குக் கை பழகின சங்கிலி இது. கொஞ்சம் ஒதுங்கு தங்கச்சி."

அவள் ஒதுங்கவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். சத்தம் கேட்டுத் தம்பி வந்தான். அக்காவைப் பார்த்தான், மீசையைப் பார்த்தான், யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் முழித்தான்.

"சரி, அடிச்சே பாத்துடுவோம்," என்று மீசை சம்மட்டியை எடுத்தார். "உடையலைன்னா எடுத்துக்கிட்டுப் போவேன்."

அவளுக்கே சந்தேகம் வந்தது. கண்ணுக்குத் தெரிந்தது வெறும் கோடுதானே? ஆனாலும் மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டாள்: உடையாவிட்டாலும் இதைக் கொடுப்பதாக இல்லை.

வளையத்தை இரும்புத் துண்டின்மேல் நிமிர்த்தி வைத்து ஓங்கி ஒரு அடி. ஒன்றும் ஆகவில்லை. மீசை மீசையைத் தடவிக்கொண்டார். இரண்டாவது அடியில் வளையம் வாயைப் பிளந்தது.

மீசை உடைந்த வளையத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இழுக்கறப்ப அறுந்திருந்தா நேரா என் மண்டைக்குத்தான் வந்திருக்கும்."

"அதுக்குத்தாண்ணே வழியை மறிச்சேன். இந்தாங்க," என்று அவள் வேறு சங்கிலியை எடுத்து நீட்டினாள். "லாரிக்காரர் காத்துக்கிட்டிருப்பாரு, கிளம்புங்க."

லாரி மேலேறியது. மதியம் திரும்பிய மீசை, யாரும் சொல்லாமலே குழாயடியில் குந்திச் சங்கிலியைக் கழுவினார். இளசுகள் பார்த்துச் சிரித்ததற்கு, "என்னடா பாக்குறீங்க? உங்களுதையும் எடுத்துட்டு வாங்க," என்று ஒரு அதட்டு அதட்டினார்.

மழை ஓய்வதற்குள் ஷெட்டில் அது பழக்கமாகிவிட்டது. நசுங்கிய மட்கார்டை மட்டும் தம்பி இன்னும் குத்திக்காட்டுவான். கொக்கியக்கா அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. இப்போது ஸ்பேனர்கள் குவிந்து கிடக்கும் தகரப்பெட்டியை அவள் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். வெல்டருக்குச் சொல்லியனுப்பியாயிற்று.