நடந்து போய்ப் போட்ட ஓட்டு

எனக்குக் கல்யாணமாகி இராஜபாளையம் போன மறு வருஷம் அந்தத் தேர்தல் வந்தது. அப்போது எல்லோருக்கும் ஓட்டுக் கிடையாது. நிலவரி கட்டுகிறவர்கள், படித்தவர்கள் என்று சிலருக்குத்தான். நான் பிறந்த சுந்தரபாண்டியத்தில் என்னைப் பெற்ற ஐயாவுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் சொந்தமாக இருந்ததால் அவருக்கு ஓட்டு இருந்தது. கிணறு மட்டும் பண்ணையாருடையது. அதிலிருந்து முறை வைத்து எங்கள் பருத்திக்கும் தண்ணீர் விடுவார்கள்.

கட்சியின் பேரைச் சொல்லி யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. மஞ்சள் பெட்டி, பச்சைப் பெட்டி என்றுதான் பேச்சு. பச்சைப் பெட்டிக்கு நின்றவர் பண்ணையாரின் சம்பந்தி. மஞ்சள், கதர்க்காரர்களுடையது. என் புகுந்த வீட்டில் எல்லோரும் மஞ்சள்தான். என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்த கையோடு கதர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கோஷம் போடக் கிளம்பிவிடுவார்.

தலைப்பிரசவத்துக்கு நான் ஐயா வீட்டில் இருந்தேன். ஓட்டு நாளன்று காலையில் பண்ணையாரின் வண்டிகள் பச்சைத் துணி கட்டி வந்து நின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஓட்டுப் போட்டுவிட்டு அங்கேயே சாப்பாடு. கணக்குப்பிள்ளை எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஏறும்யா, வெயிலுக்கு முன்ன போயிருவோம்."

"நீங்க போங்க. நான் நடந்து வாரேன்."

"அம்புட்டுத் தூரமா?"

"கால் நல்லாத்தான இருக்கு."

வண்டியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயா வெளுத்த வேட்டி கட்டி, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தனியாக நடந்து போனார். பொழுது சாயத் திரும்பி வந்தவரிடம் அம்மா, "எந்தப் பெட்டில போட்டீக?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு" என்றார். அவ்வளவுதான்.

மஞ்சள் பெட்டி ஜெயித்தது. வண்டியில் ஏறாதவர் மஞ்சளில்தான் போட்டிருப்பார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அடுத்த முறைக்குத் தண்ணீர் வரவில்லை. மாடு கட்டிக் கமலையில் தண்ணீர் இறைக்கிறவர் ஐயாவின் முகத்தைப் பார்க்காமல், "மொறை மாறிப்போச்சுய்யா" என்றார். காய் பிடிக்கிற சமயம். செடிகள் வாடி, காய்கள் அரைகுறையாக வெடித்து நின்றன.

"பண்ணையார்ட்ட போயி ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று அம்மா அழுதாள்.

"என்ன சொல்ல?"

"எதுல போட்டீகன்னு."

"அதைச் சொல்ல மாட்டேன்."

அதே வாரம் என் வீட்டுக்காரரும் அவருடைய ஆட்களும் வந்து ஐயாவுக்கு மாலை போட்டார்கள். ஐயா உடனே அதைக் கழற்றி மாட்டுக் கொம்பில் மாட்டிவிட்டார். அதுவரை எங்கள் குடும்பத்தை மதித்துப் பேசாத என் மாமியார், "பண்ணையாரையே எதுத்தவரு எங்க சம்பந்தி" என்று தெருவெல்லாம் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கும் மரியாதை கூடியது.

தண்ணீர் வரவே இல்லை. மானாவாரியாக விதைத்துப் பார்த்தார், மழையும் கைவிட்டது. கடைசியில் நிலத்தைப் பண்ணையாருக்கே விற்றார். வேறு யாரும் வாங்கப் பயந்தார்கள். இராஜபாளையம் வந்து, பஞ்சு அடிக்கிற மில் அறையில் கூட்டுகிற வேலைக்குப் போனார். நாளெல்லாம் பஞ்சுத் தூசு. இருமல் பிடித்தது.

யுத்தம் முடிந்து மறுபடி தேர்தல் வந்தது. இப்போது ஐயாவுக்கு ஓட்டு இல்லை. ஓட்டைக் கொடுத்த நிலம் போய்விட்டதே. ஆனால் ஊர்வல வண்டியில் அவரை உட்கார வைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரரின் ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார். அவர்கள் போன பிறகு ஏன் என்று கேட்டேன். செத்த நேரம் இருமிவிட்டுச் சொன்னார்.

"நான் பச்சையிலதான் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"பண்ணையாரோட சம்பந்தி நல்ல மனுசன். மழை இல்லாத வருசம் கம்புத் தானியம் குடுத்து எத்தனையோ வீட்டுல அடுப்பு எரிய வச்சவரு. அவரு வரணும்னுதான் போட்டேன்."

"அப்ப வண்டியில ஏறியிருக்கலாமே ஐயா?"

"ஏறியிருந்தா பண்ணையாருல்ல போட்டதா ஆயிரும். போட்டது நான்."

"பொறவாவது சொல்லியிருக்கலாம்ல? தண்ணி விட்டிருப்பாகளே!"

"யார்ட்டயும் சொல்ல வேண்டாம்னு உள்ள இருந்த ஆபீசரு சொன்னாரு. சொல்லித் தண்ணி வாங்குறதுக்கா அம்புட்டுத் தூரம் நடந்தேன்?"

எனக்குப் பெருமையாக இல்லை, கோபம்தான் வந்தது. அடுத்த வீட்டில் கூலிக்கு மாவாட்டிக்கொண்டிருந்த அம்மாவை நினைத்தேன். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன். தலையை ஆட்டினார், தெரியாது என்று. "நீயும் சொல்லிராத. தாங்க மாட்டா."

அடுத்த மழைக்காலத்தில் ஐயா செத்துப்போனார். என் வீட்டுக்காரரின் ஆட்கள் தங்கள் கட்சிக் கொடியைக் கொண்டுவந்து உடம்பின் மேல் போர்த்தினார்கள். என் வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பொய்யான அழுகை இல்லை அது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிலம் போனாலும் உங்கய்யாவுக்கு எம்புட்டு மரியாதை பார்த்தியாடி" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.