கோல்கீப்பருக்கு ஒரு மனைவி

பிரபலங்கள் ஆடும் அந்த நடனப் போட்டி யாருக்காக நடத்தப்படுகிறது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. இளைஞர்களுக்காக என்கிறார்கள் தொலைக்காட்சிக்காரர்கள். ஷாம்பு விற்பவர்களுக்காக என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். மார்க்கெட் போன நடிகர்களுக்காக என்கிறார்கள் இன்னும் மார்க்கெட் போகாத நடிகர்கள். மூன்றும் தப்பு. அது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் பன்னிரண்டு பெண்களுக்காக நடந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவள் வீட்டுச் சமையலறைக்கும் என் வீட்டுச் சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர். மெலிந்த சுவர். அதனால் நான் சொல்வதில் முக்கால்வாசி உண்மை.

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது சலவைக்கூடம். அதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கூடத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. ஆறு டிரையர்கள் ஒன்றாக ஓடினால் இரண்டு ரயில்கள் கட்டிப்புரண்டு சண்டை போடுவது போலிருக்கும். ஆகவே அங்கே எல்லோரும் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவார்கள்; எதிராளி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். வயிற்றைத் தட்டினால் கேன்டீனுக்குப் போகலாம் என்று அர்த்தம். காதுமடலைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம். கோபம் வந்தால் கத்தவே வேண்டாம், முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும்; உலகத்திலேயே அவ்வளவு சுலபமாகப் பேச்சை நிறுத்தக்கூடிய இடம் வேறில்லை.

அப்படிப்பட்ட இடத்தில் ரேடியோவின் வாய் மட்டும் கூடத்தின் அந்தக் கோடிக்கும் தெரியும். புருவம், தோள், மூக்கு எல்லாம் சேர்ந்து பேசும். அவள் முதுகைப் பார்த்தே பாதி வாக்கியத்தைப் படித்துவிடலாம் என்று சொல்வார்கள். நானே படித்திருக்கிறேன்.

விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, பின்னால் சாய்ந்து, ஒரே இழுப்பில் படாரென்று உதற வேண்டும். பிறகு மூலையோடு மூலை சேர்த்து, மூன்று அடி முன்னால் வந்து, கை மாற்றி, குனிந்து மடிப்பை எடுத்து, மறுபடி பின்னால் போக வேண்டும். ஒரு ஷிப்டுக்கு நானூறு விரிப்பு. ரேடியோவின் ஜோடிக்கு நெட்டை என்று பெயர். நெட்டை ஐந்து வயது மூத்தவள், ஒரு முழம் உயரம் அதிகம். ரேடியோ கையைத் தலைக்கு மேல் தூக்கினால்தான் நெட்டையின் தோளுக்கு எட்டும். ஆனாலும் பத்தொன்பது வருஷமாக அவர்கள் மடித்த விரிப்பில் ஒரு விரல் கோணல் கிடையாது. ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்த்துக்கொண்டே மடிப்பார்கள். கை தானாக வேலை செய்யும், வாய் தானாகக் கதை பேசும்.

கூடத்தின் சுவரில் ஒரு டிவி இருந்தது. கை கழுவும் முறையைப் போட்டுக் காட்டுவதற்காக நிர்வாகம் மாட்டியது. ரிமோட் ஒருநாள் அழுக்குத் துணி வண்டிக்குள் விழுந்து, கொதிநீரில் குளித்து, பளிச்சென்று, உயிர்போய் வெளியே வந்தது. அன்றிலிருந்து ஒரே சேனல்தான். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அதில் நடனப் போட்டி வரும். சத்தம் இருந்தும் இல்லாததுதான். பாட்டு என்ன, நடுவர் என்ன சொன்னார், எதுவும் தெரியாது. அந்தக் குறையை ரேடியோ தீர்த்தாள். திரையில் யார் வாயைத் திறந்தாலும் அதற்கு இவள் வசனம் கொடுத்தாள். கொண்டை போட்ட நடுவர் ஆடியவளைப் பார்த்து ஏதோ சொன்னால், "இந்த இடுப்ப எங்கம்மா வாங்கினே, மாத்திக் குடுப்பாங்களா?" என்பாள். பன்னிரண்டு பேரும் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஆடுகிறவர்களில் ஓய்வு பெற்ற கோல்கீப்பர் ஒருவர் இருந்தார். பாவம், எந்தப் பாட்டுக்கும் அவர் கோல் போஸ்டைக் காவல் காப்பது போலவே ஆடினார். இரண்டு கையையும் விரித்துப் பக்கவாட்டில் தாவுவார். கூட ஆடும் பெண் பந்து போல அவருக்குத் தப்பித்து ஓடுவாள். இரண்டாவது வாரம் ஆட்டம் முடிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாக இருக்கலாம்.

அன்றைக்கு நெட்டை சிரிக்கவில்லை. அவள் கண் வீங்கியிருந்தது. அவள் கணவர் பெயிண்டர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து நான்கு மாதமாகிவிட்டது. நடந்தால்தான் சரியாகும் என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். பெயிண்டரோ கட்டிலை விட்டு இறங்குவதில்லை. நடைபழக வாங்கிய வாக்கரில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

ரேடியோ ஒரு கணம் நெட்டையைப் பார்த்தாள், ஒரு கணம் டிவியைப் பார்த்தாள்.

"அக்கா, அவர் ஏன் அழுறாரு தெரியுமா? பொண்டாட்டி மாடிப்படியில விழுந்து இடுப்பு உடைஞ்சு கெடக்குறாங்களாம். எழுந்திருக்கவே மாட்டேன்னு பிடிவாதமாம். 'நீ நடந்து காட்டு, நான் ஆடிக் காட்டுறேன்'னு பந்தயம் கட்டித்தான் மேடை ஏறியிருக்காரு. கல்யாணத்துல கூட ஆடாத மனுஷனாம்!"

நெட்டையின் கையிலிருந்த மூலை நழுவியது. "நெஜமாவா?"

"அவரே சொல்றாரு பாருங்க."

தெரிந்துதான் சொன்னாயா, வாய் போன போக்கில் சொன்னாயா என்று பின்னால் நான் சுவரைத் தட்டிக் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றாள்.

அடுத்த வாரம் கோல்கீப்பரின் மனைவி ஜன்னல் வரை நடந்தாள். அதற்கடுத்த வாரம் வராந்தாவுக்கு வந்தாள். அவள் எந்த ஆஸ்பத்திரி என்று ரேடியோ சொல்லவில்லை. இதே ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியாக இருக்கலாம் என்று கூடத்தில் யாரோ கிளப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒட்டுப்போட்ட விரிப்பு எதுவும் நான்காவது மாடிக்குப் போகவில்லை.

நெட்டை ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். பெயிண்டர் முதலில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டார். மூன்றாம் வாரம் திரும்பிப் படுத்தார்.

"எத்தனை அடி நடந்தாங்களாம்?"

"பன்னிரண்டு."

மறுநாள் காலை வாக்கரிலிருந்த துண்டு கட்டிலில் கிடந்தது. பெயிண்டர் பதின்மூன்றாவது அடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இப்படியே போட்டி வளர்ந்தது. ஒன்பது வாரத்தில் அவர் வாசல் கேட் வரை வந்துவிட்டார்.

இறுதிச் சுற்றுக்கு ஆறு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெட்டை தன் அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே டிவியில் அதே நிகழ்ச்சியை மறுஒளிபரப்பு செய்துகொண்டிருந்தார்கள். முதன்முறையாக நெட்டை அதைச் சத்தத்தோடு பார்த்தாள்.

"உங்க ஆட்டத்துக்கு வீட்ல யாரு சார் பெரிய ரசிகர்?" என்று தொகுப்பாளர் கேட்டார்.

"வீட்ல நானும் என் நாயும்தாங்க. கல்யாணம் பண்ணிக்க நேரமே கெடைக்கல" என்றார் கோல்கீப்பர். அரங்கமே சிரித்தது. நெட்டை கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, செருப்பு மாட்ட மறந்து, வீடுவரை நடந்தே வந்தாள்.

திங்கட்கிழமை கேன்டீனில், அங்கே மட்டும்தான் குரல் கேட்கும், ரேடியோவின் எதிரில் வந்து நின்றாள்.

"இடுப்பு உடைஞ்சது அந்த நாய்க்கா? கேட்டுச் சொல்லு."

"அக்கா..."

"ஒன்பது வாரமா என் புருஷன்கிட்ட என்னைப் பொய் சொல்ல வெச்சிட்டேடி. தெரிஞ்சா அந்த மனுஷன் மறுபடி படுத்துருவாரு. அப்புறம் நீயா வந்து தூக்கி நிறுத்துவே?"

அவ்வளவுதான். கூடத்துக்குப் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேராக சூப்பர்வைசரிடம் போய், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தன்னை இஸ்திரி ரோலர் பக்கம் மாற்றிவிடச் சொன்னாள். சூப்பர்வைசருக்கு 'ஈரம்' என்று பெயர். எந்தத் துணிக்கட்டைத் தொட்டாலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்து 'ஈரம்' என்று உதட்டைப் பிதுக்குவார். அவர் சரியென்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

அந்த வாரம் இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் விரிப்பு மடித்தார்கள். ரேடியோ மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். நெட்டை கண்ணை மூடிக்கொண்டாள். ரேடியோ சுற்றி வந்து மறுபக்கம் நின்று கேட்டாள். நெட்டை விரிப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டாள். மடித்ததெல்லாம் கோணல். "நீங்க அனுப்புறது பெட்ஷீட்டா, பட்டமா?" என்று மேலேயிருந்து நர்ஸ் போன் செய்து கேட்டாள். ரேடியோ பேச்சையே விட்டுவிட்டாள். வீட்டிலும் அப்படித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கூட சத்தமில்லாமல் கழுவப்பட்டது. எனக்கு அந்த வாரம் சாப்பாடே இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை. பெயிண்டர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு ஃபைனல் ஆச்சே. அந்தம்மா என்ன செய்யப்போறாங்க?"

நெட்டையால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அந்தம்மாவே கெடையாதுங்க. அந்த ஆளுக்குக் கல்யாணமே ஆகல. எல்லாம் அந்த ரேடியோ விட்ட கதை" என்று சொல்லிவிட்டு, அவர் விழுந்தால் பிடிப்பதற்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

பெயிண்டர் விழவில்லை. சிரித்தார். கேட் ஆடும் அளவுக்குச் சிரித்தார்.

"ஏம்மா, சனிக்கிழமை நீ வேலைக்குப் போனப்புறம் நான் வீட்ல என்ன பண்றேன்னு நெனச்சே? அந்த டிவி நம்மகிட்டயும் இருக்கு. சத்தத்தோட. மொத வாரமே நாயைப் பத்தி சொல்லிட்டாரு. நாய் பேரு கூட எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏங்க நடந்தீங்க?"

"நெஜ நிகழ்ச்சியில ஒண்ணுமே இல்லம்மா. மூணு பேரு உக்காந்து 'சூப்பர், சூப்பர்'ங்கறாங்க. ஒன்பது மணிக்கு நீ வந்து சொல்றதுதான் நல்லாருந்துச்சு. நாலு மாசமா அழுத முகத்தோட வந்தவ, மூச்சு வாங்க ஓடி வந்து கதை சொன்னே. அந்தம்மா நடக்கறப்ப நான் எப்படிப் படுத்துக் கெடக்கறது?" பிறகு கொஞ்சம் கண்டிப்பாகச் சொன்னார்: "கதையைப் பாதியில விடக்கூடாது. மாடிப்படி ஏறினாங்களான்னு கேட்டுட்டு வா."

அன்று மாலை ஏழு மணிக்கு இறுதிச் சுற்று தொடங்கியது. கூடத்தில் பதினோரு பேர் டிவியையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ரேடியோ விரிப்பைப் பார்த்தாள். எதிரில் நெட்டை மூலைகளை எடுத்தாள், பின்னால் சாய்ந்தாள், படாரென்று உதறினாள். அந்த உதறலில் ரேடியோ மூன்றடி முன்னால் வந்து விழப்போனாள். நிமிர்ந்தால், ஐந்து நாளுக்குப் பிறகு, நெட்டையின் முகம் நேர் எதிரில்.

"அந்தம்மா எங்கடி?"

"எந்தம்மா?"

"கோல்கீப்பர் பொண்டாட்டி. பெயிண்டர் கேக்குறாரு. மாடிப்படி ஏறினாளா, இல்லையா?"

"அக்கா, அவருக்குத் தெரிஞ்சு போச்சா?"

"மொத வாரமே தெரியுமாம். நாயையே தெரியுமாம். நீ கதையைச் சொல்லு."

ரேடியோவுக்கு உதடு நடுங்கியதால் முதல் இரண்டு வாக்கியத்தை யாராலும் படிக்க முடியவில்லை. அப்புறம் திரையில் கோல்கீப்பர் தாவினார். ரேடியோவின் புருவம் ஏறியது, தோள் ஏறியது.

"பின் கதவு வழியா வந்துட்டாங்கக்கா! கையில கம்பு கூட இல்ல. பிடிக்க வந்தவங்களத் தள்ளிவிட்டுட்டு ஒவ்வொரு படியா... அதோ! பச்ச உடுப்பு, முன் வரிசை!"

திரையில் உண்மையாகவே பச்சை உடுப்பு அணிந்த ஒரு பெண்மணி எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். யாரோ, எவரோ. நாய் விஷயம் அதற்குள் பன்னிரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு விரிப்பை எடுத்து உதறினார்கள். அந்தக் காற்றில் சுவரிலிருந்த காலண்டர் மூன்று மாதம் முன்னேறியது.

யாரும் காதுமடலைத் தொடாததால் ஈரம் உள்ளே வந்து நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் திரையைப் பார்த்து, "யாரு அது?" என்று உதட்டை அசைத்தார்.

"பொண்டாட்டி. நடந்துட்டாங்க" என்றாள் நெட்டை.

ஈரம் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். நெட்டை குனிந்து, உள்ளங்கையை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், உதட்டைப் பிதுக்கினாள்: "ஈரம்."

அவர் சட்டென்று நோட்டை எடுத்தார். "திங்கக்கிழமையிலேருந்து நீ ரோலர் பக்கம்தானே?"

"யாரு கேட்டது சார்?"

"நீதான் கேட்டே."

"இந்தச் சத்தத்துல உங்களுக்கு என்ன கேட்டுச்சோ" என்று சொல்லிவிட்டு, நெட்டை அடுத்த விரிப்பின் மூலைகளை ரேடியோவிடம் வீசினாள்.

கோல்கீப்பருக்கு நான்கு பேரில் நான்காவது இடம் கிடைத்ததாக மறுநாள் செய்தித்தாளில் படித்தேன். மடிப்புக் கூடத்தில் முதல் பரிசு அவருக்குத்தான் போயிற்று. கோப்பையைப் பச்சை உடுப்புக்காரி வாங்கிக்கொண்டாள். இது ரேடியோ சொன்னது, நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெயிண்டர் மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டிருந்தார். வாக்கரை ஓரமாக வைத்திருந்தார்.

"அந்தம்மா எத்தனை படி ஏறினாங்களாம்?"

"பதினாலு" என்றாள் நெட்டை, கண்ணிமைக்காமல்.

"நம்ம வீட்ல பன்னிரண்டுதானே இருக்கு?"

"அப்ப மேல போய் ரெண்டு படி எறங்கி ஏறுங்க."

பெயிண்டர் அவளை ஒரு முறை பார்த்தார். கைப்பிடியைப் பிடித்தார். வலது காலை முதல் படியில் வைத்தார்.