பலகையில் ஒட்டிய தாள்

கடையின் ஒரு பாதியில் அக்காவின் தையல் மெஷின். மறு பாதியில் தம்பியின் கம்ப்யூட்டர் ரிப்பேர் மேசை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அக்காவுக்குத் தம்பி புராணம் பாடாமல் ஊசியில் நூல் கோர்க்க வராது. "என் தம்பி பூட்டின கம்ப்யூட்டர் பெட்டி எதுவும் திரும்பி வந்ததில்ல" என்பாள், துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம்.

பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கைப் பூட்டுவதில் அவனுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. புது ஹீட்சிங்கின் அடியில் ஒட்டியிருக்கும், விட்டால் சூட்டைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாளை முதலில் உரித்து, தேதி எழுதிச் சுவர்ப் பலகையில் ஒட்டுவான். பிறகுதான் பிராசசர் மேல் சூடு கடத்தும் பேஸ்ட், பட்டாணி அளவு. இருபத்திரண்டு வருஷமாகப் பலகை நிறையச் சுத்தமான தாள்கள்.

தனக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்ன அன்று தம்பி சொன்னான்: "இந்தத் தாளை உரிக்க மறந்தேன்னா அன்னைக்கே கடையை மூடிடுவேன்க்கா. அடுத்தவங்க பொருள்."

போன வாரம் தன் கம்ப்யூட்டருக்குப் புது ஹீட்சிங்க் மாட்டி வாங்கிப் போன டீச்சர் இன்று பெட்டியோடு வந்து நின்றாள்.

"பத்து நிமிஷத்துல தானா அணைஞ்சிடுது. என்னண்ணே, பட்டாணி தீர்ந்துபோச்சா?"

"வச்சிட்டுப் போங்க டீச்சர். சாயங்காலம் தரேன்" என்று சிரித்துவிட்டுத் தம்பி டீ குடிக்கப் போனான்.

அக்கா பலகையைப் பார்த்தாள். போன வாரத் தேதியில் தாள் இல்லை. டீச்சரின் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். பார்த்துப் பார்த்தே பழகிய வேலை. திருகுகளைக் கழற்றி, ஹீட்சிங்கை மெல்ல அசைத்துத் தூக்கினாள். தாள் அப்படியே இருந்தது. உரித்தாள். பழைய பேஸ்டை ஸ்பிரிட்டால் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்து, நேராக இறக்கி, நாலு திருகையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஃபேன் வயரைச் செருகினாள். தாளின் ஓரத்தில் போன வாரத் தேதியை எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மெஷினில் உட்கார்ந்தாள்.

தம்பி வந்து பெட்டியை ஓடவிட்டான். அரை மணி நேரம் ஓடியது, அணையவில்லை. யோசனையோடு பலகையருகே போய்க் கடைசித் தாளைத் தொட்டான். விரலில் சாம்பல் நிறப் பேஸ்ட் ஒட்டியது.

"இதை எப்பக்கா ஒட்டின?"

"நீதான்டா ஒட்டின. போன வாரம்."

"உரிச்சிட்டுத்தானே பேஸ்ட் வைப்பேன். தாள்ல எப்படி வந்துச்சு?"

அக்கா பெடலை மிதித்தாள். ஊசிக்கடியில் துணி இல்லை.

அவன் பெட்டியை அணைத்துத் திறந்தான். ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்தான். "நல்லாத்தான் முடுக்கியிருக்க" என்றான். பிறகு ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து அவள் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"டீச்சர் வந்து வாங்கிட்டுப் போகட்டும்க்கா. அப்புறம் ஷட்டரை இறக்கிடலாம்."